மைக் இல்லாத நாட்களின் மைக் வாடகை

தேர்தல் செலவுக் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் பலர் இந்த வேலையை விரும்பிக் கேட்டு வாங்கி வந்தவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி வந்தவள்தான். தணிக்கைத் துறையில் என் பாட்டுக்கு இருந்தவளை, ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது உதவிச் செலவினப் பார்வையாளர் என்று ஓர் ஆணையைக் கையில் கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். "இனிமே தேர்தல் முடியற வரைக்கும் உங்கிட்ட ஒருத்தரும் நல்ல வார்த்தை பேச மாட்டாங்க, பாத்துக்க" என்று என் கணவர் வழியனுப்பினார். பெரும்பாலும் அப்படித்தான் ஆயிற்று.

வேட்பாளர் செலவழிக்கும் பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது என்று பார்ப்பது நம் வேலை. எப்படிப் பார்ப்பது என்பதைக் கையேடு சொல்லும். பந்தலுக்கு என்ன விலை, நாற்காலிக்கு என்ன வாடகை, எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு ஒருமுறை கையேட்டில் பதில் இல்லாத ஒரு கேள்வி வந்தது. ஒருவர் தப்பான கணக்கில் கையெழுத்துப் போடப் போகிறார், அது நமக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அப்போது நாம் என்ன செய்வது? அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கடலூர் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்துத் தொகுதி ஒன்றில் செல்வநாயகி என்று ஒரு பள்ளி ஆசிரியை போட்டியிட்டார். வேலையை விட்டுவிட்டு வந்தவர். சிறிய கட்சி, கட்சியிடம் பணம் கிடையாது. சிதம்பரம் கடைவீதி வியாபாரிகள், மகளிர் குழுக்கள், அவரிடம் படித்து வேலைக்குப் போனவர்கள் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணத்தில்தான் பிரசாரம் நடந்தது. அந்தப் பணம் எல்லாம் தேர்தலுக்கென்று தனியாகத் தொடங்கிய வங்கிக் கணக்கில் இருந்தது. அவருடைய கணவரின் தம்பி குணசீலன்தான் தேர்தல் முகவர். வரவு, செலவு, காசோலை எல்லாம் அவர் கையில்.

எனக்குச் செல்வநாயகியைப் பிடித்திருந்தது. நம் வேலையில் ஒருவரைப் பிடிக்காமல் போவது பெரிய ஆபத்து இல்லை. இவரிடம் கடுமையாக இருந்துவிடுவோமோ என்று மனசு தானாகவே எச்சரிக்கும். பிடித்துப்போனால் அப்படி எச்சரிக்காது.

பிரசாரத்தின் கடைசி நாட்களில் ஒருநாள் சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் அவரைப் பார்த்தேன். வெயிலில் கத்திக் கத்தித் தொண்டை முழுதாகப் போய்விட்டது. கழுத்தில் பருத்தித் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, ஒலிபெருக்கி வண்டியும் இல்லாமல், துண்டுப் பிரசுரத்தை நீட்டிக் கும்பிட்டபடியே நடந்துபோய்க்கொண்டிருந்தார். எங்கள் வீடியோ குழுவில் இருந்தவர், "ஆடியோவே வரல மேடம்" என்று கேமராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், "டீச்சர், நீ ஒண்ணும் பேச வேணாம், வூட்டுக்குப் போயி வெந்நி குடிச்சிட்டுப் படு. ஓட்டு நாங்க போட்டுக்கறோம்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சத்தமே இல்லாமல் சிரித்தார்.

அவர் ஜெயித்தார். வித்தியாசம் மிகக் குறைவு. தோற்றவருக்குக் கடைசிச் சுற்று வரைக்கும் நம்பிக்கை இருந்தது.

வாக்கு எண்ணிக்கை முடிந்து ஒரு மாதத்துக்குள் வேட்பாளர் முழுக் கணக்கையும், அது உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பு, எல்லா வேட்பாளர்களின் முகவர்களையும் அழைத்து, அவர்களுடைய வரைவுக் கணக்கையும் நாம் எழுதி வைத்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டம் நடக்கும். அதற்காகக் குணசீலன் கொண்டுவந்து கொடுத்த வரைவை நான் கடலூர் மஞ்சக்குப்பத்து அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், பிரசாரத்தின் கடைசி நாட்களுக்கு மைக் செட் வாடகை என்று ஒரு தொகை. சின்னத் தொகை இல்லை.

நான் பேனாவை வைத்துவிட்டேன். குரலே இல்லாத ஒருவருக்கு எதற்கு மைக் செட்?

சிதம்பரத்தில் அந்த மைக் செட் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பொய் சொல்ல மாட்டேன் மேடம். அந்த நாள்ல எங்க வண்டி அவுங்களுக்குப் போவல. ரிசல்ட்டெல்லாம் வந்தப்பறம் குணா வந்தாப்ல. ஒரு பில்லு வேணும், செக் போடறேன், பணமா எடுத்துக் குடுங்கன்னு கேட்டாப்ல. தெரிஞ்ச புள்ள, எம்எல்ஏ வூட்டு ஆளு. குடுத்துட்டேன்."

"பணம் எதுக்குன்னு சொன்னாரா?"

"குமராட்சிப் பக்கம் ஒரு ஊருல தண்ணி டேங்க்கு மோட்டாரு வாங்கிப் போடணும்னு சொன்னாப்ல. போட்டதாத்தான் கேள்வி."

எனக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். குணசீலன் அந்தப் பணத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தால் வேலை சுலபம். இதை என்னவென்று சொல்வது? குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கு மோட்டார் வாங்கியிருக்கிறார். ஆனால் அது தேர்தல் செலவுக்கென்று மக்கள் கொடுத்த பணம். அதை மைக் வாடகை என்று எழுதி அண்ணியின் கையெழுத்துக்கு வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்து விழுந்தால் அது பொய்க் கணக்கு. நிரூபணம் ஆனால் பதவியே போகலாம். அதைவிட மோசமான இன்னொரு கேள்வியும் இருந்தது. அந்த மோட்டார் வாக்குப்பதிவுக்கு முன்பே அந்த ஊருக்குப் போயிருந்தால்? அப்போது அதற்குப் பெயர் உதவி அல்ல, ஓட்டுக்கு லஞ்சம்.

அன்று மதியமே தோற்ற வேட்பாளரின் முகவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். வக்கீல், நல்ல விவரமானவர், மரியாதையாகப் பேசுகிறவர். மைக் செட் கடைக்காரர் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்தவர் ஆகையால் செய்தி அவருக்கும் போயிருந்தது.

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன் மேடம்" என்றார். "நான் உங்கள ஒண்ணும் செய்யச் சொல்லல. சும்மா இருங்கன்னுதான் சொல்றேன். அவுங்க கையெழுத்துப் போட்டுத் தாக்கல் பண்ணட்டும். அப்பறம் நான் பாத்துக்கறேன்."

"கூட்டத்துல நான் கேள்வி கேக்கக்கூடாதுங்கறீங்களா?"

"கேட்டா அவுங்க திருத்திடுவாங்க. எச்சரிக்கை பண்ணிக் காப்பாத்துனதா ஆவாதா? நீங்க நடுநிலையா இருக்கணும்ல."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. எங்கள் குழுவிலேயே ஒருவர், "கையும் களவுமா புடிச்சா நம்ம டீமுக்கு நல்ல பேரு மேடம்" என்று காதோடு சொன்னார்.

வக்கீல் போன பிறகு குணசீலனும் வந்தார். கடைக்காரர் அவருக்கும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. முகம் வெளிறியிருந்தது. முப்பது வயது தாண்டாத ஆள்.

"அண்ணிக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். அந்த ஊருப் பொம்பளைங்க கொடத்தத் தூக்கிக்கினு அலையறதப் பாக்க முடியல. கணக்குல மிச்சம் இருந்துச்சு. நான் ஒரு பைசா தொடல. இத மட்டும் கண்டுக்காம வுட்டுடுங்க, கால்ல வேணா வுழறேன்."

"எழுந்திரிங்க" என்றேன், அவர் இன்னும் விழவே இல்லை என்றாலும். "உங்க அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா என்னக் கொன்னுடுவாங்க."

"அப்ப தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

அவர் தலையைக் குனிந்தபடி வெளியே போனார். இரண்டு பக்கமும் ஒரே நாளில் வந்து என்னிடம் கேட்டது ஒரே விஷயம்தான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சும்மா இருங்கள் என்றுதான் இருவரும் கேட்டார்கள். ஒருவருக்கு அந்த அம்மாள் விழ வேண்டும், இன்னொருவருக்கு விழக்கூடாது. இரண்டுக்கும் என் மௌனம் தேவைப்பட்டது.

எங்கள் செலவினப் பார்வையாளர் வெளிமாநிலத்து அதிகாரி. தமிழ் தெரியாது, அதிகம் பேசவும் மாட்டார். கூட்டத்துக்காகத் திரும்பவும் கடலூர் வந்து சுற்றுலா மாளிகையில் தங்கியிருந்தார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் வந்ததையும், குணசீலன் வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மோட்டாரை நீங்கள் பார்த்தீர்களா?"

இல்லை என்றேன்.

"பார்த்துவிட்டு வாருங்கள். எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதுவரை உங்களிடம் இருப்பது மூன்று பேர் சொன்ன கதை மட்டும்தான்."

மறுநாள் காலை குமராட்சிப் பக்கம் கிளம்பினோம். கொள்ளிடக் கரையோரம் வயல் நடுவே இருந்த சின்ன ஊர். மினி பஸ் திரும்பும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் குடம் வைத்திருந்தார்கள். ஜீப்பின் முன்னால் ஒட்டியிருந்த தேர்தல் பணி என்ற தாளை நாங்கள் இன்னும் கிழிக்கவில்லை.

"யாரு? பஞ்சாயத்து ஆபீசா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா. தேர்தல் ஆபீசு."

"தேர்தல்தான் முடிஞ்சிபோச்சே?"

"கணக்கு இன்னும் முடியல. இந்த மோட்டாரப் பத்தி…"

நான் முடிக்கவில்லை. "மோட்டாரக் கழட்டிக்கினு போவ வந்துட்டாங்கடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி ஜீப்பின் டயருக்கு முன்னால் நிறைகுடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இன்னொருத்தி மோட்டார் ரூம் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "மேடம், ஏறுங்க, போயிடலாம்" என்று டிரைவர் மெதுவாகச் சொன்னார்.

ஏறியிருந்தால் அந்த ஊரிலிருந்து அப்புறம் ஒரு வார்த்தை உண்மை கிடைத்திருக்காது. அதிகாரத்தைக் காட்டிக் கத்தியிருந்தாலும் கிடைத்திருக்காது. எனக்கு உண்மையிலேயே தாகமாகவும் இருந்தது. தொட்டிக்குக் கீழே இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

கதவில் சாய்ந்து நின்றவளே ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்தாள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது.

"மோட்டார நான் கழட்ட மாட்டேன். எனக்கு அந்த அதிகாரமும் இல்ல" என்றேன். "இது எப்ப வந்துச்சு? அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

"எதுக்கு? டீச்சர உள்ள வைக்கவா?"

அவளுக்குச் சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். டீச்சருக்கு ஒன்றும் ஆகாது என்றோ, இது சும்மா விசாரணை என்றோ சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் நாக்கு நுனியில் வந்து நிற்கும் பொய்கள் அவை. நான் சொன்னது இதுதான்:

"நீங்க சொல்றதால அவுங்களுக்கு நல்லதா கெட்டதான்னு எனக்கே இப்பத் தெரியாதும்மா. ஆனா உண்மை தெரியாம நான் போனா, அவுங்களப் பத்தி யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம். தெரிஞ்சா அப்பிடிச் சொல்ல முடியாது."

அஞ்சலை மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு படபடவென்று பேச ஆரம்பித்தாள்.

"ஓட்டுக்கு முன்னாடியே மோட்டாரு எரிஞ்சிபோச்சி. பஞ்சாயத்துல கேட்டா தேர்தல் முடியட்டும்னாங்க. டீச்சரு ஓட்டுக் கேட்டு வந்தப்ப வழிமறிச்சிக்கிட்டோம். ஒரு மோட்டாரு வாங்கிப் போடு, ஊரே உனக்குதான்னு சொன்னோம். அவுங்களுக்குத் தொண்டையே இல்ல. தலையத் தலைய ஆட்டி, ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு, முடியாதுன்னு வாயசைச்சிட்டுப் போயிட்டாங்க. அப்ப நல்லாத் திட்டுனோம்."

"அப்பறம் எப்ப வந்துச்சி?"

"ரிசல்ட் அன்னிக்கு இந்தப் பசங்க வெடி கொளுத்தி, எங்க வைக்கப்போர்ல நெருப்பு புடிச்சிக்கிச்சி. டேங்க்குல சொட்டுத் தண்ணி இல்ல. குட்டையிலேர்ந்து சேறும் தண்ணியுமா மோந்து ஊத்துனோம். சிதம்பரத்துலேர்ந்து ஃபயர் வண்டி வந்துதான் அணைச்சாங்க. வேணும்னா அவுங்களப் போயிக் கேளு. மோட்டாரு முன்னாடியே வந்திருந்தா எங்க வைக்கலு ஏன் சாம்பலாப் போவுது? அதப் பாத்துட்டுப் போன குணா தம்பிதான் அப்பறம் கொண்டாந்து எறக்குச்சி."

"திட்டுனோம்னு சொன்னீங்களே, அப்ப ஓட்டு யாருக்குப் போட்டீங்க?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அத நீ கேக்கக்கூடாதும்மா! தேர்தல் ஆபீசுன்ற?" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. டயருக்கு முன்னால் இருந்த குடத்தை அதற்குள் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் தீயணைப்பு நிலையத்தில் விசாரித்தோம். அஞ்சலை சொன்னது சரி. மோட்டார் வாக்குப்பதிவுக்கு முன் வரவில்லை; லஞ்சம் இல்லை. செல்வநாயகி வேட்பாளராகக் கையை விரித்துவிட்டுப் போனதற்கு ஓர் ஊரே சாட்சி. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: கேட்காமல் எடுத்த பணமும், அதன் மேல் போர்த்திய பொய்ப் பில்லும்.

இப்போது என்ன செய்வது? செல்வநாயகியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், நான் அவர் ஆள். சொல்லாமல் விட்டால், வக்கீலின் ஆள். நானும் பார்வையாளரும் உட்கார்ந்து பேசியதில் வழி எளிதாகத் தெரிந்தது. எல்லோரும் இருக்கும் கூட்டத்தில், எல்லோரிடமும் கேட்பது போல, அவரிடமும் கேள்வியைக் கேட்பது. அந்தக் கூட்டம் அதற்காகத்தானே இருக்கிறது. வேட்பாளர் நேரில் வர வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி தகவல் அனுப்பினோம்.

கூட்டத்துக்கு அவர் வந்தார். சட்டமன்றத்தில் பதவி ஏற்றிருந்தார், குரலும் திரும்பியிருந்தது. வக்கீல் எதிர் வரிசையில். குணசீலன் அண்ணிக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு. செல்வநாயகியின் முறை வந்தபோது நான் கேட்டேன்:

"மேடம், கடைசி நாட்களுக்கு மைக் செட் வாடகை போட்டிருக்கீங்க. அந்த நாள்ல மைக்குல யாரு பேசுனாங்க?"

"மைக்கா?" என்று சிரித்தார். "எனக்குத் தொண்டையே இல்லியே மேடம் அப்ப. வண்டியே வேணாம்னு அனுப்பிட்டோமே. இல்ல குணா?"

குணசீலன் நிமிரவில்லை. செல்வநாயகியின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

"அண்ணி… அது அந்த ஊரு மோட்டாரு, அண்ணி."

வக்கீல் எழுந்தார். பார்வையாளர் கையசைத்து அவரை உட்காரச் சொன்னார். செல்வநாயகி என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"தண்ணி இல்லாத ஊருக்குத் தண்ணி குடுத்ததுக்கு நான் வெக்கப்படணுமா மேடம்?"

"தண்ணிக்கு இல்ல மேடம்" என்றேன். "அத மைக்குன்னு எழுதுனதுக்கு. அப்பறம், குடுத்தவங்களக் கேக்காம அவுங்க பணத்த எடுத்ததுக்கு."

அவர் வரைவுக் கணக்கை எடுத்து, அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். முதல்முறையாகப் படிக்கிறார் என்று தெரிந்தது.

"இதுல நான் கையெழுத்துப் போட இருந்தேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு வக்கீலைப் பார்த்தார். "சார், உங்களுக்கு இது முன்னாடியே தெரியும், இல்ல?"

வக்கீல் மறுக்கவில்லை. "தெரியும் மேடம். என் வேலைய நான் பாக்கறேன்."

"பாருங்க. புகார் குடுக்கணும்னா குடுங்க. நான் உள்ளத உள்ளபடி எழுதிக் குடுக்கறேன்."

அப்படியே செய்தார். தவறு எப்படி நடந்தது, யார் செய்தது, தான் கவனிக்காமல் விட்டது எல்லாம் கணக்கோடு சேர்த்து எழுதினார். ஆசிரியை வேலையை விட்டபோது வந்த பணத்திலிருந்து அந்தத் தொகையைத் தேர்தல் கணக்கில் திரும்பக் கட்டினார். அதோடு விட்டிருக்கலாம்; சட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பணம் கொடுத்த எல்லோரையும் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு வரச் சொன்னார். பார்வையாளர் நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னதால் நானும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் மேடை ஏறவில்லை. கீழே நின்றபடியே நடந்ததைச் சொன்னார். நல்ல காரியம்தானே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் எழுந்தார்.

"டீச்சர், நான் குடுத்தது நீங்க ஜெயிக்கறதுக்கு. தண்ணிக்குன்னு கேட்டிருந்தா தனியா குடுத்திருப்பேன், ஜாஸ்தியாவே குடுத்திருப்பேன். கேக்காம எடுத்ததுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சி. இப்ப நீங்களே வந்து சொல்லிட்டீங்க. எனக்குப் போதும்."

இன்னொருவர் அப்படிச் சொல்லவில்லை. "என் பங்கு எனக்கு வேணும்" என்றார் கோபமாக. அவருக்கு அங்கேயே காசோலை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மகளிர் குழுத் தலைவி, "இனிமே செக்குல குணா தம்பி மட்டும் கையெழுத்துப் போடக்கூடாது. எங்கள்ல ஒருத்தரும் போடணும்" என்றார். செல்வநாயகி யோசிக்கவே இல்லை, சரி என்றார். அப்போதே மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் அலுவலக வாசலில் ஒட்டுவதாக அவர் சொன்னார். ஒட்டினாரா என்று நான் பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். ஒட்டியிருந்தார், மழையில் நனையாமல் கண்ணாடிக்குள்.

வக்கீல் சொன்னபடி புகார் கொடுத்தார். அதையும், மைக் செட் கடைக்காரரின் வாக்குமூலத்தையும், அஞ்சலை சொன்னதையும், தீயணைப்பு நிலையத்தின் பதிலையும் வைத்து நாங்கள் அறிக்கை அனுப்பினோம். அறிக்கையில் எனக்குப் பிடித்த வரி, பிடிக்காத வரி என்று எதையும் நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் நான் அந்த அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு பக்கமும், மாட்டிவிட்டதாக இன்னொரு பக்கமும் பேசின. கடைசியில், கணக்கு உரிய காலத்தில் உரிய முறையில் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. அவர் ஐந்து வருடமும் உறுப்பினராக இருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். நம்மிடம் மாட்டுகிறவர்களின் எண்ணிக்கையை வைத்து நம் வேலையை அளப்பார்கள். நீங்கள் அப்படி அளக்காதீர்கள். பொய்க் கையெழுத்து விழும் வரை காத்திருந்து பிடிப்பது வேட்டை. கண்டும் காணாமல் போவது உடந்தை. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய நேரத்தில், எல்லோர் முன்னாலும் கேளுங்கள். அப்புறம் எதிரில் இருப்பவர் தன்னை யார் என்று காட்ட இடம் கொடுங்கள். எல்லோரும் செல்வநாயகி போல நடந்துகொள்ள மாட்டார்கள். கேள்விக்குப் பதிலாகச் சத்தம் போட்டவர்களையும், மாற்றல் வாங்கித் தருவேன் என்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடமும் இதே கேள்வியை இதே குரலில்தான் கேட்க வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முன் இன்னொரு தேர்தல் வந்தது. கடலூரில் முகவர்களுக்கு விளக்கக் கூட்டம். அதே வக்கீல் ஒரு வேட்பாளரின் முகவராக வந்திருந்தார். செல்வநாயகியின் சார்பில் குணசீலன் வந்திருந்தார். ஆனால் இந்த முறை அவரோடு மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண்ணும் முகவரின் உதவியாளராக உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்துக் கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்று சொல்லி உட்கார்ந்ததும் வக்கீல் எழுந்தார்.

"மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு கட்சிக்காரர் எங்களுக்குப் பந்தல் இலவசமாப் போட்டுக் குடுக்கறேங்கறாரு மேடம். பிரியமா செய்யறாரு, காசு வாங்க மாட்டேங்கறாரு. அத எழுதணுமா, வேணாமா?"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர் மாதிரி ஆள், பந்தல் போடும் முன்பே, எதிரிகள் நிறைந்த அறையில் இதைக் கேட்கிறார். பதில் சொல்ல நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அதற்குள் எதிர் வரிசையிலிருந்து குணசீலன் திரும்பினார்.

"எழுதிடுங்க சார். வாடகை எவ்ளோ வருமோ அத மதிப்பாப் போட்டு, அவரு குடுத்ததுன்னு அவரு பேரையும் எழுதிடுங்க. எழுதுனா ஒரு வரிதான். எழுதாம வுட்டா என்னா ஆவும்னு என்னக் கேளுங்க, நான் சொல்றேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. வக்கீலும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். நான் எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.